உரைகல் மட்டும் போதாது

(சிவகங்கை மாவட்ட அறிவியல் ஆசிரியர்களுக்காகக் காரைக்குடியில் நடந்த பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மின்னணுக் கழிவைப் பற்றி அரை மணி நேரம் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். தொடக்கப் பள்ளியில் அறிவியல் கற்பிப்பவர்களும், மேல்நிலை வகுப்புக்கு வேதியியல் எடுப்பவர்களும் ஒன்றாக அமர்ந்திருக்கும் அவை இது. எல்லாருக்கும் பொதுவாக எதைச் சொல்வது என்று யோசித்தேன். என் வகுப்பில் நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குவதுதான் சரி என்று தோன்றியது.

சில ஆண்டுகளுக்கு முன், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம், வீட்டில் உடைந்து கிடக்கும் மின்பொருள்களில் ஆளுக்கு ஒரு துண்டு கொண்டு வரச் சொன்னேன். ஒரு மாணவன் மட்டும் பை நிறையக் கொண்டு வந்தான். அவன் அப்பா பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறார். தொலைக்காட்சிப் பெட்டியின் பின்மூடி, கணினியின் விசைப்பலகை, அறுத்த வயர்கள் என்று மேசை நிறைந்துவிட்டது. அன்று அவனுக்கு இருந்த பெருமிதம் இன்னும் என் நினைவில் இருக்கிறது.

அதற்கு முதல் நாள் இரவுதான், மின்சாதனங்களின் பிளாஸ்டிக்கில் தீப்பிடிக்காமல் இருப்பதற்காகச் சேர்க்கும் புரோமின் சேர்மங்களைப் பற்றிப் படித்திருந்தேன். கல்லூரியில் செய்த பெயில்ஸ்டீன் சோதனை நினைவுக்கு வந்தது. செம்புக் கம்பியைச் சுடரில் பழுக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக்கில் ஒரு தொடு தொட்டு, மீண்டும் சுடரில் காட்ட வேண்டும். காட்டினேன். அழகான பச்சைச் சுடர். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"பார்த்தீர்களா, இதுதான் புரோமின். உலக நாடுகள் தடை செய்த நஞ்சு. இதைத் தினமும் கையாளுகிறவர்களின் உடம்பில் இது சேர்ந்துகொண்டே போகும்" என்றேன். நான் சுடரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வகுப்பு முழுவதும் அந்த மாணவனைப் பார்த்தது.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நான்காம் நாள் அவன் அம்மா வந்தார். "டீச்சர், பக்கத்துல உக்காரக்கூட விட மாட்டேங்குறாங்களாம். வெசக் கடைக்காரன்னு கூப்புடுறாங்களாம். எங்க பொழப்பே அந்தக் கடைதான். நெசமாவே அதுல வெசம் இருக்கா டீச்சர்?"

அந்தக் கடைசிக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை.

அன்று மாலை ஆய்வகத்தில் ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்தேன். இந்த முறை தண்ணீர்க் குழாயின் பிவிசி துண்டு ஒன்றையும், பால் உறையின் பாலித்தீனையும் சேர்த்து எடுத்துக்கொண்டேன். பால் உறைக்குப் பச்சை வரவில்லை. பிவிசி குழாய்க்கு வந்தது. பிவிசியில் இருப்பது குளோரின். புரோமினுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. பிறகுதான், வகுப்பில் நான் தொட்ட துண்டு எது என்று தேடிப் பார்த்தேன். அது தொலைக்காட்சிப் பெட்டியின் மூடி அல்ல. சாதாரண மின்கம்பியின் உறை. அதுவும் பிவிசிதான்.

பச்சைச் சுடர் சொல்வது ஒன்றே ஒன்று: இதில் ஒரு ஹாலஜன் இருக்கிறது. குளோரினா, புரோமினா என்று அது சொல்லாது. எந்தச் சேர்மம், எவ்வளவு என்றும் சொல்லாது. நான் ஒரே ஒரு துண்டைச் சுட்டு, பக்கத்தில் வேறு எதையும் வைத்துப் பார்க்காமல், ஒரு குடும்பத்தின் தொழிலுக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தச் சோதனையை வகுப்பறையில் செய்யாதீர்கள். ஹாலஜன் சேர்ந்த பிளாஸ்டிக்கைச் சுட்டால் டையாக்சின், ஃபியூரான் போன்ற நச்சுகள் உருவாகலாம். சோதிக்கிறேன் என்று கிளம்பி நாமே அவற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடக் கூடாது.

என் தவறு என்ன என்பதை நம் ஊர் ஆசாரிகள் நன்றாக அறிவார்கள். செட்டிநாட்டில் தங்கத்தோடு புழங்காத தெரு உண்டா? கழுத்திரு செய்கிற ஆசாரி நகையை உரைகல்லில் ஓர் இழுப்பு இழுக்கிறார். ஒரு மஞ்சள் கோடு விழுகிறது. அந்தக் கோட்டை மட்டும் பார்த்து அவர் மாற்றுச் சொல்வதில்லை. மாற்று முன்பே தெரிந்த தங்கம் வைத்த உரையாணியை எடுத்துப் பக்கத்திலேயே இன்னொரு கோடு இழுக்கிறார். இரண்டின் மேலும் அமிலம் தொட்டு, எது மங்குகிறது, எது நிற்கிறது என்று ஒப்பிடுகிறார். கல் வெறும் கருவி. நம்பிக்கை தருவது அந்த ஆணி. உயர்ந்த தங்கத்தை 'ஆணிப்பொன்' என்று நம் மொழி சொல்வது எவ்வளவு பொருத்தம்!

இன்றைய ஆய்வகங்களில் இந்த ஆணிக்கு 'ஒப்பீட்டுப் பொருள்' என்று பெயர். உரிய முறையில் அளந்து சான்றிதழோடு வந்தால், 'சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுப் பொருள்'.

மேல்நிலை வகுப்பு ஆசிரியர்களுக்கு இது புதிதல்ல. ஒற்றை மின்வாயின் மின்னழுத்தத்தைத் தனியாக அளக்க முடியாது என்று பன்னிரண்டாம் வகுப்பில் கற்பிக்கிறோம். திட்ட ஹைட்ரஜன் மின்வாயின் மதிப்பைப் பூச்சியம் என்று வைத்துக்கொண்டு, அதனோடு இணைத்துத்தான் மற்றவற்றை அளக்கிறோம். இதே காரைக்குடியில், வள்ளல் அழகப்பர் வழங்கிய 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் எழுந்தது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். நாம் சிக்ரி என்று சொல்லும் அந்த வளாகத்தில் இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்று ஆராய்கிறவர்களுக்கும் பக்கத்தில் ஓர் ஒப்பீட்டு மின்வாய் வேண்டும்.

சரி, அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்குள் உண்மையில் என்ன இருக்கலாம்?

பிளாஸ்டிக் எண்ணெயிலிருந்து வருவது. எளிதில் எரியும். மின்சாதனத்தின் உள்ளே சூடும் உண்டு, தீப்பொறிக்கு வாய்ப்பும் உண்டு. அதனால் புரோமின் சேர்மங்களைக் கலந்தார்கள். சூடேறும்போது அவற்றிலிருந்து வெளியேறும் புரோமின், சுடரில் தொடர்வினையை நடத்திச் செல்லும் ஹைட்ரஜன், ஹைட்ராக்சில் தனி உறுப்புகளைப் பிடித்துக்கொள்கிறது. சுடர் அடங்குகிறது. எத்தனையோ வீடுகளைத் தீயிலிருந்து காத்த வேதியியல் இது. அதையும் நாம் சொல்ல வேண்டும்.

சிக்கல் வேறு இடத்தில். பாலிபுரோமினேற்றம் பெற்ற டைபீனைல் ஈதர்கள் என்ற வகையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பென்சீன் வளையங்கள், நடுவே ஓர் ஆக்சிஜன். வளையங்களில் உள்ள பத்து ஹைட்ரஜன்களின் இடத்தில் ஒன்று முதல் பத்து வரை புரோமின் அமரலாம். எத்தனை, எந்த இடத்தில் என்பதைப் பொறுத்து மொத்தம் 209 சேர்மங்கள். இவை பிளாஸ்டிக்கோடு வேதிப்பிணைப்பால் கட்டுண்டவை அல்ல, வெறுமனே கலந்திருப்பவை. காலப்போக்கில் வெளியேறித் தூசியில் படிகின்றன. எளிதில் சிதைவதில்லை. கொழுப்பில் சேர்கின்றன. நம் தைராக்சின் ஹார்மோனின் அமைப்பை நினைத்துப் பாருங்கள்: அதிலும் இரண்டு வளையங்கள், நடுவே ஆக்சிஜன், ஓரங்களில் நான்கு அயோடின். உருவ ஒற்றுமை இருப்பதால் இவை தைராய்டு செயல்பாட்டில் குறுக்கிடக்கூடும் என்பது கவலை. தரையில் தவழ்ந்து, கையை வாயில் வைக்கும் குழந்தைக்குத்தான் தூசி அதிகம் போகிறது.

அதனால் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் இவற்றில் பலவற்றை 2009-இலும், பத்து புரோமின் கொண்ட டெகா வகையை 2017-இலும் சேர்த்தார்கள். இந்தியா 2006-இல் அந்த உடன்படிக்கையை ஏற்றது. 2018-இல் தனி விதிகள் வகுத்து, இவ்வகைச் சேர்மங்கள் சிலவற்றைத் தடை செய்தது. மின்னணுப் பொருள்களுக்கு ஒரு வரம்பும் உண்டு. பாலிபுரோமினேற்றம் பெற்ற பைபீனைல்கள், டைபீனைல் ஈதர்கள் ஆகிய இரு வகைகளில் ஒவ்வொன்றும் எடையில் 0.1 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது ஒரு கிலோ பிளாஸ்டிக்கில் 1 கிராம். ஐரோப்பாவில் 2006 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்த வரம்பு, நம் நாட்டின் 2011 மின்னணுக் கழிவு விதிகளிலும் இடம்பெற்றது.

0.1 விழுக்காடு என்று எழுதிவிடலாம். அளப்பது யார், எப்படி?

எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவியைப் பிளாஸ்டிக்கின் மேல் காட்டினால், மொத்தப் புரோமின் எவ்வளவு என்று நிமிடக் கணக்கில் சொல்லிவிடும். ஆனால் எந்தச் சேர்மம் என்று சொல்லாது. தடை செய்யப்படாத புரோமின் சேர்மங்களும் உண்டு. என் பச்சைச் சுடரைவிட ஒரு படி மேல், அவ்வளவுதான். சேர்மத்தை அறிய, பிளாஸ்டிக்கைப் பொடித்து, கரைப்பானில் ஊறவைத்துப் பிரித்தெடுத்து, வாயு வண்ணப்பிரிகைக் கருவியிலும் நிறை நிறமாலைமானியிலும் செலுத்த வேண்டும். திரையில் கூம்பு கூம்பாக வரும். அந்தக் கூம்புகளுக்குப் பெயர் எழுதியிருக்காது.

1973-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நடந்தது இதைப் புரியவைக்கும். ஒரே நிறுவனம் ஃபயர்மாஸ்டர் என்ற புரோமின் தீத்தடுப்பானையும், நியூட்ரிமாஸ்டர் என்ற கால்நடைத் தீவனச் சேர்க்கையையும் தயாரித்தது. மூட்டைகள் மாறிப்போயின. தீத்தடுப்பான் மாட்டுத் தீவனத்தில் கலந்தது. மாடுகள் தீவனத்தை ஒதுக்கின, பால் வற்றியது, கன்றுகள் இறந்தன. ஒரு பண்ணையாளர் தீவனத்தை ஆய்வகம் ஆய்வகமாக அனுப்பினார். வழக்கமான பூச்சிக்கொல்லிகளைத் தேடியவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஓர் ஆய்வகத்தில் கருவி வழக்கமான நேரத்தைத் தாண்டி ஓடியபோது, யாரும் கண்டிராத கூம்புகள் தாமதமாக எழுந்தன. இன்னதென்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் 1974-இல், அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜார்ஜ் ஃப்ரைஸ் அடையாளம் கண்டார். அவர் அந்தப் பொருளை முன்பே கையாண்டவர். ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு ஓர் 'ஆணி' இருந்தது. அதற்குள் மாதங்கள் கடந்து, பாலும் இறைச்சியும் மக்களின் வீடுகளுக்குப் போய்விட்டன. ஏறத்தாழ 30,000 மாடுகளையும் 15 லட்சம் கோழிகளையும் கொல்ல வேண்டி வந்தது.

பெயர் தெரிந்தால் போதாது, அளவும் தெரிய வேண்டும். தண்ணீரில் கரைத்த உப்பை அளப்பது எளிது. ஊறுகாய்க்குள் ஊறியிருக்கும் உப்பை அளப்பது அப்படியல்ல. முழுவதும் வெளியே வந்ததா என்ற ஐயம் இருந்துகொண்டே இருக்கும். பிளாஸ்டிக்குக்குள் இருக்கும் தீத்தடுப்பானும் அப்படித்தான். எனவே தூய சேர்மத்தின் கரைசல் மட்டும் போதாது. பிளாஸ்டிக்குக்குள்ளேயே தெரிந்த அளவு தீத்தடுப்பானைக் கலந்து செய்த ஒப்பீட்டுப் பொருள் வேண்டும். பெல்ஜியத்தின் கீல் நகரில் உள்ள ஐரோப்பிய ஆய்வு மையம் பாலித்தீனிலும் பாலிபுரொப்பிலீனிலும் இப்படித் துகள்களைத் தயாரித்துச் சான்றளித்தது. ஆய்வகம் அந்தத் துகளையும் நம் துண்டையும் ஒரே நாளில் ஒரே முறையில் சோதிக்கும். சான்றிதழில் உள்ள எண் வந்தால்தான் நம் துண்டுக்கு வந்த எண்ணை நம்பலாம்.

இன்னொரு உத்தியும் உண்டு. டைபீனைல் ஈதரில் 12 கார்பன் அணுக்கள். அவை அனைத்தும் கார்பன்-13 ஆக இருக்கும்படி ஒரு சேர்மம் செய்கிறார்கள். வேதிப் பண்பு அதேதான். நிறை மட்டும் 12 அலகு கூடுதல். சோதனையின் தொடக்கத்திலேயே அதில் 100 பங்கைப் போட்டு, முடிவில் 80 பங்கு கிடைத்தால், வழியில் 20 போயிருக்கிறது என்று தெரியும். நம் பொருளிலும் அதே விகிதத்தில் போயிருக்கும் என்று கணக்கிடலாம். ஐசோடோப்புகளால் என்ன பயன் என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள்.

இந்த ஆணிகளைச் செய்வது எளிதல்ல. முதல் குப்பியில் இருப்பதும் கடைசிக் குப்பியில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் மாறாமலும் இருக்க வேண்டும். டெகா வகை வெளிச்சம் பட்டால் புரோமினை ஒவ்வொன்றாக இழந்து வேறு சேர்மமாகிவிடும்; சோதனைக் கருவியின் வெப்பத்திலேயே ஒரு பகுதி சிதையும். அதனால் பழுப்புக் குப்பி. நம் நாட்டில் புதுதில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் 'பாரதிய நிர்தேஷக் திரவ்யா' என்ற பெயரில் ஒப்பீட்டுப் பொருள்களைக் கொண்டுவருகிறது. அவற்றில் ஒன்று என்ன தெரியுமா? 99.99 விழுக்காடு தூய தங்கம். நம் ஆசாரியின் ஆணிக்கு ஓர் அரசாங்க அண்ணன்!

இவற்றையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது அந்த அம்மா வந்து போன பிறகுதான். அவர் வீட்டுக்குப் போனேன். "நான் சோதித்தது வெறும் வயர் உறை. அதில் நான் சொன்ன பொருள் இல்லை. டிவி மூடியில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆய்வகத்தில் பார்க்காமல் நான் அப்படிச் சொன்னது தப்பு" என்றேன். கூடவே, தெரிந்ததையும் சொன்னேன்: செம்புக்காக வயரை எரிக்க வேண்டாம், உரித்தே எடுங்கள். கடைத் தூசியை ஈரத்துணியால் துடையுங்கள். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அவன் அப்பா, "எரிக்கிறத நிப்பாட்டிருவோம் டீச்சர். பய மட்டும் பள்ளிக்கொடத்துக்கு வரட்டும்" என்றார்.

மறுநாள் வகுப்பில், எல்லார் முன்னிலையிலும், என் சோதனை எங்கே தவறியது என்று பலகையில் எழுதி விளக்கினேன். அவன் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவன் தலை நிமிரவில்லை. ஒப்பீட்டுப் பொருளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் கையைத் தூக்கினான். "டீச்சர், அந்த ஆணியில எவ்வளவு இருக்குன்னு மொதல்ல யாரு பாத்தது?"

என் பணிக்காலத்தில் நான் கேட்ட நல்ல கேள்விகளில் அது ஒன்று. ஒரே ஆளை நம்பாமல், பல ஆய்வகங்கள் தனித்தனியே அளந்து ஒப்பிடுகிறார்கள் என்றேன். சான்றிதழில் ஒற்றை எண் இராது. இவ்வளவு, இதில் இவ்வளவு கூடலாம் குறையலாம் என்று ஐயப்பாட்டையும் சேர்த்தே எழுதியிருப்பார்கள். அந்த எண் எடையில் தொடங்குகிறது. அந்த எடை தில்லியில் உள்ள 57-ஆம் எண் கிலோகிராம் படி வரை போனது. அங்கிருந்து பாரிசுக்கு அருகிலுள்ள மூலப் படிக்குப் போனது. 2019 மே 20 முதல் அந்த உலோகக் கட்டியையும் விட்டுவிட்டு, பிளாங்க் மாறிலி என்ற இயற்கையின் எண்ணைக் கொண்டு கிலோகிராமை வரையறுத்துவிட்டார்கள். "அப்ப கடைசி ஆணி ஒரு நம்பரா?" என்றான். ஆமாம் என்றேன்.

எல்லாம் சரியாக அளந்த பிறகும் தவறு நுழையும். 2024-இல் கறுப்பு பிளாஸ்டிக் சமையல் கரண்டிகளில் தீத்தடுப்பான் இருப்பதாக ஓர் ஆய்வு உலகம் முழுக்கச் செய்தியானது. பொருள் இருந்தது உண்மை. ஆனால் பாதுகாப்பு வரம்பைக் கணக்கிடும்போது 7,000-ஐ 60-ஆல் பெருக்கி 4,20,000 என்று எழுதுவதற்குப் பதில் 42,000 என்று எழுதிவிட்டார்கள். பிறகு திருத்தம் வெளியிட்டார்கள். ஐந்தாம் வகுப்புப் பெருக்கல்! திருத்தத்தை வெளியிட்டதுதான் அறிவியல் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

நம் பள்ளிகளுக்கு அந்தக் கருவிகள் வரப்போவதில்லை. அந்தப் பழக்கம் வரலாம். தொடக்கப் பள்ளியில் அயோடின் ஊற்றி மாவுச்சத்தைச் சோதிக்கிறீர்களா? ஒரு சொட்டுத் தண்ணீரையும் ஒரு சொட்டுச் சோற்றுக் கஞ்சியையும் இருபுறமும் வைத்துக்கொண்டு நடுவில் உங்கள் பொருளை வையுங்கள். வெப்பமானியைக் கொடுக்கும் முன் உருகும் பனிக்கட்டியில் வைத்துப் பூச்சியம் காட்டுகிறதா என்று பிள்ளைகளையே பார்க்கச் சொல்லுங்கள். தரம்பார்த்தலில் திட்டக் கரைசலை நாமே தயாரித்துக் கொடுத்துவிடாமல், ஒரு முறையாவது அவர்களை எடை போட்டுக் கரைக்க விடுங்கள். ஊருணித் தண்ணீரைச் சோதித்தால், முடிவை ஊருக்குச் சொல்லும் முன் கருவியைத் தெரிந்த கரைசலில் ஒரு முறை சோதித்துவிடுங்கள்.

விடைத்தாள் திருத்தும் முகாமில் விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைக்காமல் நாம் ஒரு மதிப்பெண்ணும் போடுவதில்லை. மாணவனுக்கு அநீதி நடந்துவிடக் கூடாது என்பதற்காகத்தானே? அந்த நியாயத்தைச் சோதனைக்குழாய்க்கும் கொடுப்போம்.

அந்த மாணவன் பிறகு தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணியாளர் பிரிவில் சேர்ந்தான். ஒருமுறை பள்ளிக்கு வந்து எங்கள் ஆய்வக மின்னளவியைக் கையில் எடுத்தான். அளக்கும் முன் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தான். "எதுக்குப்பா?" என்றேன். "பூச்சியம் காட்டுதான்னு பாக்குறேன் டீச்சர்" என்றான்.